உஷார்! ‘பக்கவிளைவே கிடையாது’ என்று தியானம் விற்கிறார்கள்

மனநல மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மிச்சக் கட்டுரையைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் படித்துவிடுங்கள். தியான வகுப்பை நம்பியோ, ஆப்பை நம்பியோ, யூடியூப்பில் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பேசுகிறவரை நம்பியோ, டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பாதியாகக் குறைக்கவும் வேண்டாம்.

‘லான்செட்டிலேயே வந்துவிட்டதே, மாத்திரையும் மைண்ட்ஃபுல்னெஸ் தியானமும் ஒன்றுதான் என்று?’ எனக் கேட்பவர்கள் உண்டு. லான்செட்டில் வந்தது அது இல்லை. 2015-இல் அந்த மருத்துவ இதழில் இங்கிலாந்து ஆய்வு ஒன்று வெளியானது. தலைமை தாங்கியவர் வில்லெம் கைக்கன். அதில் இருந்த 424 பேரும் மூன்று முறையோ அதற்கு மேலோ டிப்ரஷனில் விழுந்து எழுந்தவர்கள். மறுபடி வராமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒரு பாதி மாத்திரையைத் தொடர்ந்தது. இன்னொரு பாதி, பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் (இந்தக் கணத்தைக் கவனிக்கும் தியானம்) வகுப்புக்குப் போனது; டாக்டர்கள் கூடவே இருந்து அவர்களுக்கு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மாத்திரைக் குழுவில் 47 சதவீதம் பேருக்கும், வகுப்புக் குழுவில் 44 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. தியானம் மாத்திரையை மிஞ்சுமா என்பதுதான் அந்த ஆய்வு கேட்ட கேள்வி. மிஞ்சவில்லை என்பதுதான் கிடைத்த பதில். இது பத்திரிகைத் தலைப்பில் ஏறியபோது டாக்டர் காணாமல் போனார், சிகிச்சையாளர் காணாமல் போனார், எட்டு வாரமும் காணாமல் போனது. ‘மாத்திரைக்குப் பதில் தியானம்’ என்பது மட்டும் நின்றது. இரண்டு குழுவிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது என்ற செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

நான் தியானத்துக்கு எதிரி இல்லை. அதனால் பலன் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பலன் ஆய்வுகளிலும் தெரிகிறது. 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், டாக்டர்கள் கைவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களை உட்கார வைத்து ஒரு தியான வகுப்பைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க விற்கும் மைண்ட்ஃபுல்னெஸ் சரக்கின் பெரும் பகுதிக்கு அந்த வகுப்புதான் மூலம். பிறகு ஜான் டீஸ்டேல், சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ் மூவரும் அதை டிப்ரஷன் சிகிச்சையோடு சேர்த்தார்கள். 2000-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மூன்று தடவையோ அதற்கு மேலோ டிப்ரஷன் வந்தவர்களில் நோய் திரும்பியவர்கள் 66 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகக் குறைந்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் அதே ஆய்வில் இரண்டே தடவை வந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே பாய். ஒருவருக்கு உதவுகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு உதவவில்லை. மருந்து என்றாலே அப்படித்தான் இருக்கும். ஆளுக்கு ஏற்றபடி வேலை செய்கிற ஒன்று ஆளுக்கு ஏற்றபடி கெடுக்கவும் கெடுக்கும் என்பது பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிறவருக்குக்கூடத் தெரியும். தியானம் என்று வந்ததும் மட்டும் எப்படி மறந்துபோகிறோம்?

என் சண்டை ஒரே ஒரு வாசகத்தோடு. ‘செய்து பாருங்களேன், நஷ்டம் ஒன்றும் இல்லையே.’

நஷ்டம் இருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் என்ற மனநல ஆராய்ச்சியாளர் இருக்கிறார். தானும் தியானம் பழகியவர். தியானத்தால் தொல்லைப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து உட்கார வைத்துக் கேட்பதையே பல ஆண்டுகளாக வேலையாகச் செய்கிறார். அவரும் ஜாரெட் லிண்டாலும் மற்றவர்களும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் தூக்கம் போய்விடும். பௌத்த மரபில் தியானம் பழகிய மேற்கத்தியர்களிடமும் அவர்களுடைய ஆசிரியர்களிடமும் நீளமாகப் பேட்டி எடுத்து, அவர்களுக்கு நேர்ந்தவற்றை 59 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாம் கெட்டவை அல்ல. ஆனந்தமும் அதில் உண்டு. கூடவே இவையும் உண்டு: தூக்கம் அறவே போவது, அதற்கான களைப்பும் தெரியாமல் இருப்பது. சாதாரணச் சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் குத்துவது. உடம்பு தானாகத் தூக்கிப்போடுவது. காரணம் இல்லாத கிலி. மறந்துபோன பழைய கொடுமைகள் நேற்று நடந்ததுபோல் திரும்பி வருவது. பெற்ற பிள்ளையைப் பார்த்தால்கூட உள்ளே ஒன்றும் அசையாமல் மரத்துப்போவது. கண்ணாடியில் தெரிவது தான்தானா என்று சந்தேகம் வருவது. சிலருக்குச் சில நாளில் சரியானது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பேட்டி கொடுத்தவர்கள் அரைகுறையாகப் பழகியவர்களும் இல்லை. பலர் தாங்களே ஆசிரியர்கள்.

‘அது முகாம் முகாமாகப் போகிற தீவிரக்காரர்களுக்கு வருவது, நமக்கு எதற்கு அந்தக் கவலை’ என்று நினைக்கலாம். 2021-இல் வில்லோபி பிரிட்டனின் குழு எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புக்கு வந்த 96 பேரையும் அதேபோல் துருவித் துருவிக் கேட்டது. 58 சதவீதம் பேருக்கு விரும்பத்தகாத அனுபவம் ஏதோ ஒன்று வந்திருந்தது. 37 சதவீதம் பேருக்கு அது அன்றாட வேலையையே பாதித்தது. கெட்ட விளைவு நீடித்தவர்கள், எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து, 6 முதல் 14 சதவீதம். இதை ‘அய்யோ விஷம்’ என்று படிக்க வேண்டாம். மற்ற உளவியல் சிகிச்சைகளிலும் ஏறக்குறைய இதே அளவு தொல்லை உண்டு என்று அந்த ஆய்வே சொல்கிறது. அதாவது, இது சிகிச்சை. சிகிச்சைக்கு உள்ள வீரியமும் உண்டு, ஆபத்தும் உண்டு. அதைத் துளசித் தீர்த்தம் போலக் கையில் ஊற்றிக் கொடுப்பதுதான் தப்பு.

இத்தனை நாள் இது ஏன் தெரியவில்லை? கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை. மிகேல் ஃபரியாஸும் மற்றவர்களும் 2020-இல் 83 ஆய்வுகளை, 6,703 பேரை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தத்தில் 8.3 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. முன்னணியில் பதற்றம், அடுத்து டிப்ரஷன். பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி. தியானத்தின் பலனை அளக்க நடந்த பரிசோதனைகளில் பாதிப்பு 3.7 சதவீதம். என்ன நடக்கிறது என்று கவனிக்க மட்டுமே நடந்த ஆய்வுகளில் 33.2 சதவீதம். எதை நிரூபிக்க உட்கார்ந்தோமோ அதுதான் கண்ணில் படுகிறது. இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு, மறைக்கக் கூடாது: முறையாகப் பயிற்சி பெற்றவர் நடத்திய எட்டு வார வகுப்புகளை, வகுப்புக்காகக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்தபோது, வகுப்புக்குப் போனவர்கள் காத்திருந்தவர்களைவிட அதிகம் கெட்டுப்போகவில்லை. ‘முறையாக’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நம் கைக்கு வந்து சேர்வது அந்த வகுப்பு இல்லை. வாரக் கடைசியில் இரண்டு நாள் சான்றிதழ் வாங்கி மூன்றாம் நாள் போர்டு மாட்டியவரின் வகுப்பு.

எப்படிக் கெடுக்கிறது என்பதும் பெரிய மர்மம் இல்லை. பேனிக் அட்டாக் வருகிறவரிடம், ‘மூச்சைக் கவனி, நெஞ்சைக் கவனி’ என்றால் என்ன ஆகும்? நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிப்பதைத்தான் அவர் ஏற்கெனவே இருபத்து நான்கு மணி நேரமும் கவனித்துக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் உடம்பில் கொடுமையை அனுபவித்தவரிடம், ‘உடம்பை அங்குலம் அங்குலமாக உணருங்கள்’ என்பது மூடி வைத்த கதவை உதைத்துத் திறப்பது. தளர்வுப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்புகிறது என்று ஹைடும் போர்க்கவெக்கும் 1983-லேயே எழுதிவிட்டார்கள். தியானம் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பார்கள். அது அளவைப் பொறுத்தது. விழிப்பைப் பழக்குகிற பயிற்சி, கூடிப்போனால் தூக்கத்தைத் தின்கிறது என்று வில்லோபி பிரிட்டனின் பழைய தூக்க ஆய்விலேயே இருக்கிறது.

இதையெல்லாம்விட என்னைக் கிலி பிடிக்க வைப்பது வேறு. தொல்லை வந்தவர் ஆசிரியரிடம் போய்ச் சொல்லும்போது கிடைக்கிற பதில்.

‘அது நல்லதுக்குத்தான். உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் வெளியே வருது. விடாம பண்ணுங்க.’

உஷார்! மருந்து சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தவரிடம் ‘இன்னும் இரண்டு சேர்த்துப் போடுங்கள்’ என்று எந்தக் கம்பவுண்டராவது சொன்னால் சட்டையைப் பிடிப்போம். இங்கே மட்டும் தலையாட்டிவிட்டு வருகிறோம். நன்றாக இருந்தால் தியானத்தின் பெருமை. மோசமானால் உங்கள் கர்மா, உங்கள் எதிர்ப்பு, உங்கள் அரைகுறைப் பயிற்சி. எந்தப் பக்கம் விழுந்தாலும் வகுப்பு ஜெயிக்கிற ஆட்டம் இது. இப்படிப் பேசுகிறவர் எவ்வளவு சாந்தமாகச் சிரித்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய மரபுகள் இவ்வளவு அலட்சியமாக இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ஹகுயின் என்ற ஜென் குரு, அதிகத் தியானத்தால் தனக்கு வந்த நோயைப் பற்றியும் அதிலிருந்து மீண்டதைப் பற்றியும் தனியாகவே எழுதி வைத்தார். திபெத்தியத் துறவிகளுக்கு இதற்கென்று நோய்ப்பெயரும் வைத்திய முறையும் உண்டு. நம் ஊரிலும் ‘குரு இல்லாமல் உட்காராதே, மூளை குழம்பிடும்’ என்று பெரியவர்கள் அதட்டினார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்தோம். அந்த அதட்டலைக் கழற்றிவிட்டுத்தான் ‘அறிவியல்பூர்வமான’ தியானம் என்று பேக் செய்து விற்கிறார்கள்.

பத்து நாள் மௌன முகாம்களுக்கு வருகிறேன். எஸ்.என்.கோயங்கா மரபின் விபாசனா முகாமில் விடிகாலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். நாளுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் தியானம். பேச்சு இல்லை, போன் இல்லை, புத்தகம் இல்லை, மதியத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை. போய் வந்து வாழ்க்கையே மாறியது என்று சொல்கிறவர்கள் ஏராளம். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் பைபோலார் (இருமுனைக் கோளாறு) உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே மேனியாவை, அதாவது கட்டுக்கடங்காத மன எழுச்சியை, கிளப்பிவிடும் என்பது மனநல மருத்துவத்தின் பாலபாடம். முகாம் நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். தீவிர மனநோய் உள்ளவர்கள் ‘இங்கே குணமாகிவிடும்’ என்ற எதிர்பார்ப்போடு வர வேண்டாம் என்று அவர்களுடைய விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றியும் மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். ‘போய்ட்டு வாடா, எல்லாம் சரியாகிடும்’ என்று அனுப்பி வைக்கிற நண்பருக்கும் மாமாவுக்கும்தான் தெரியாது. அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள், ‘அந்தக் கட்டத்துல இல்லைன்னு போடு, இல்லாட்டி சேர்த்துக்க மாட்டாங்க’ என்று. அந்தக் கட்டத்தில் பொய் எழுதுவது தண்டவாளத்தில் தலை வைப்பது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் உஷார்.

பள்ளிக்கூடத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு மனநோயே வராமல் தடுக்கலாம் என்று ஒரு பெரிய கனவு இருந்தது. பிரிட்டனில் வெல்கம் அறக்கட்டளை பணம் கொடுக்க, 85 பள்ளிகள், 11 முதல் 13 வயதுள்ள 8,376 பிள்ளைகள் என்று பிரம்மாண்டமாக ஒரு சோதனை நடந்தது. ‘மிரியட்’ என்று பெயர். பாதிப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பத்துப் பாடம் நடத்தினார்கள். மறுபாதியில் வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து, 2022-இல் முடிவு வந்தது. வித்தியாசம் இல்லை. மனச்சோர்விலும் இல்லை, நல்வாழ்விலும் இல்லை. இன்னும் உள்ளே போய்ப் பார்த்ததில், ஏற்கெனவே மனப்பிரச்னையின் விளிம்பில் இருந்த பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு உதவாதது மட்டும் இல்லை, கெடுதலாகவும் இருக்கக்கூடும் என்ற அறிகுறி தெரிந்தது. யாருக்காக வகுப்பே தொடங்கினார்களோ அந்தப் பிள்ளைகளுக்கு! பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைத் தொடவே இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ‘வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்’ என்று சொன்னவர்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை போலும். (இந்த ஆய்வை நடத்திய குழுவின் தலைவரும் அதே வில்லெம் கைக்கன்தான். வாழ்நாள் உழைப்பைப் போட்ட விஷயம் பலிக்கவில்லை என்பதைத் தானே அச்சில் ஏற்றிய மனிதர். அவருக்கு ஒரு கும்பிடு.)

இந்தியாவில் 2018-இல் டெல்லி அரசுப் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. தலாய் லாமா தொடங்கி வைத்தார். அதிலும் மைண்ட்ஃபுல்னெஸ் இருந்தது. தனியார் பள்ளிகளுக்குக் கேட்கவே வேண்டாம், சுற்றறிக்கையோடு கட்டண ரசீதும் சேர்ந்து வருகிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருந்து வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். நடத்துகிறவர் எங்கே, எத்தனை மாதம் படித்தார்? பிள்ளை ‘எனக்கு வேண்டாம்’ என்றால் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார விடுவீர்களா? வகுப்பில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் அடுத்து யாரிடம் அனுப்புவீர்கள்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத பள்ளியில் அந்த வகுப்பே வேண்டாம்.

அலுவலகத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எச்.ஆர். அனுப்புகிற ‘வெல்னெஸ் வெபினார்’ அழைப்பு சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குப் பழக்கமானதுதான். தியானம் செய்தால் உற்சாகம் பெருகும், உற்பத்தி பெருகும் என்பார்கள். ஆண்ட்ரூ ஹாஃபென்பிராக்கும் கேத்லீன் வோஸும் 2018-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவைத் தியானம் செய்ய வைத்து, இன்னொரு பிரிவைச் சும்மா மனம்போனபடி நினைக்கவிட்டு, பிறகு இரு பிரிவுக்கும் எழுத்துப்பிழை திருத்துவது போன்ற அலுவலக வேலைகளைக் கொடுத்தார்கள். தியானம் செய்தவர்களுக்கு அந்த வேலையைச் செய்யும் ஆர்வம் குறைந்தது! வேலையின் தரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யோசித்தால் ஆச்சரியமே இல்லை. மோட்டிவேஷன் என்பது நாளைக்கு ஒன்று வேண்டும் என்ற ஏக்கம், இன்றைய நிலைமேல் ஒரு சின்ன எரிச்சல். ‘இந்தக் கணத்தில் இரு, எதையும் பிடிக்காதே, எதையும் தள்ளாதே’ என்ற பயிற்சி அந்த இரண்டையும் சேர்த்து அணைக்கிறது. புத்தர் கம்பெனி டார்கெட்டுக்காகக் கற்றுக்கொடுத்தாரா என்ன? பரீட்சைக்கு முந்தின இரவு பிள்ளைக்கு இதை ஊட்டுகிற பெற்றோர் கவனிக்க.

ஹாஃபென்பிராக் குழு பிறகு வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவாரஸ்யம். ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்ட குற்ற உணர்ச்சியில் இருப்பவர் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்தால் குற்ற உணர்ச்சி தணிகிறது. கூடவே பரிகாரம் செய்யும் எண்ணமும் தணிகிறது. பிறர் நலனை நினைத்துச் செய்யும் அன்புத் தியானத்தில் அப்படி ஆகவில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு மாடியில் போய்த் தியானத்தில் உட்காருகிற கணவர்களிடம், ‘முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாடிக்குப் போங்கள்’ என்று மனைவிமார்கள் இனி ஆய்வை ஆதாரமாகக் காட்டிச் சொல்லலாம்.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எச்.ஆர். துறை படிக்க வேண்டும். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்கள். மைண்ட்ஃபுல்னெஸ், மனவலிமைப் பயிற்சி, தூக்க ஆப் என்று தரப்பட்ட திட்டங்களில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் நல்வாழ்வில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். கொஞ்சம் பலன் தெரிந்தது தன்னார்வத் தொண்டில் மட்டும். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டும் ஆள்பற்றாக்குறையும் உங்கள் மூச்சுவிடும் முறையால் வந்த பிரச்னை என்று உங்களையே நம்ப வைப்பதில்தான் பயம் இருக்கிறது. சம்பளத்தையும் விடுமுறையையும் பற்றிக் கேட்கப் போனவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்.

‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்று யாராவது ஆரம்பித்தால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் மூளையே மாறுகிறது என்று எல்லா மேடையிலும் படம் காட்டுகிறார்கள். அதற்கு அடிப்படையான 2011 ஆய்வில் தியானம் செய்தவர்கள் 16 பேர். அந்தக் கணக்கைப் பெரிய அளவில், 200-க்கும் அதிகமானவர்களை வைத்து, கட்டுப்பாடுகளோடு திரும்பப் போட்டுப் பார்த்தது விஸ்கான்சினில் ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வகம். தியான ஆராய்ச்சிக்கு உலகத்தில் இவ்வளவு ஆதரவான இன்னொரு ஆய்வகம் இருப்பது கஷ்டம். 2022-இல் அவர்களே எழுதினார்கள்: எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மேடைப் படம் இன்னும் மாறவில்லை.

இதைவிடக் கூத்து 2.9013. மகிழ்ச்சி ஆராய்ச்சியின் நட்சத்திரமான பார்பரா ஃபிரெட்ரிக்சனும் மார்சியல் லொசாடாவும் 2005-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலையாய இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மனிதன் செழிக்க வேண்டுமானால், ஒரு கெட்ட உணர்வுக்கு 2.9013 நல்ல உணர்வு வேண்டும். நான்கு தசம இடத்துக்குத் துல்லியம்! தங்கம் நிறுக்கிற தராசில்கூட அவ்வளவு துல்லியம் கிடையாது. நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள். மூன்றுக்கு ஒன்று என்று மோட்டிவேஷன் பேச்சாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். எட்டு வருடம் யாரும் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தவர் நிக் பிரவுன். கம்ப்யூட்டர் வேலையில் பல காலம் கழித்துவிட்டு, ஐம்பதை ஒட்டிய வயதில் கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்தவர். அந்தச் சமன்பாடுகள் வானிலை ஆய்வாளர் லோரன்ஸ், சூடாகும் திரவம் எப்படிச் சுழல்கிறது என்று கணிக்க எழுதியவை என்பது அவருக்கு உறைத்தது. மனுஷ மனசுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆலன் சோகல் என்ற இயற்பியலாளரையும், ஹாரிஸ் ஃபிரீட்மன் என்ற உளவியலாளரையும் சேர்த்துக்கொண்டு 2013-இல் அதே இதழில் பிய்த்து எறிந்தார். கணிதப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. ஒரு மாணவர் கேட்ட கேள்வியை அந்தத் துறையின் பேராசிரியர்கள் யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

21 நாளில் பழக்கம் வரும் என்பது இன்னொன்று. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், நோயாளிகள் புது மூக்குக்குப் பழக ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதியதன் திரிபு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி அளந்தபோது நடுவாக 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. 22-ஆம் நாள் பழக்கம் வராததால் ‘நமக்கு மன உறுதி இல்லை’ என்று துவண்டவர்களிடம் அந்த 21 நாள் வகுப்புக்காரர் பணத்தைத் திருப்பித் தரப் போகிறாரா?

காலையில் கண்ணாடி முன் நின்று ‘நான் அன்புக்குரியவன், நான் வெற்றியாளன்’ என்று சொல்வது? ஜோவான் வுட் குழு 2009-இல் பரிசோதித்தது. தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்மை. தாழ்வு எண்ணத்தில் இருப்பவர்களுக்கோ, சொல்லச் சொல்ல மனநிலை மோசமானது. உள்ளே இருக்கிற ஆள் ‘பொய்’ என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். யாருக்குத் தேவை என்று விற்கிறார்களோ அவர்களுக்கே அது எதிராகத் திரும்புகிறது. பள்ளி ஆய்விலும் இதையேதான் பார்த்தோம்.

ஆப்பைப் பற்றிச் சுருக்கமாக. மனநல ஆப்களை இறக்கியவர்களில் 15 நாள் கழித்தும் திறந்து பார்க்கிறவர்கள் சுமார் 4 சதவீதம் என்று 2019-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மிச்சப் பேர் விட்டுப்போவது ஆப்பை மட்டும்தான். தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்று டிக் அடித்த பதில்கள் அங்கேயே இருக்கும். பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம் வாடிக்கையாளர் தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அங்கேயே அப்படி என்றால், எந்த ஊரில் பதிவானது என்றே தெரியாத இலவச ஆப்பில் உங்கள் மனசைக் கொட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

சரி, தியானமே கூடாதா? ஆரோக்கியமாக இருக்கிறவர் தினம் பத்து நிமிஷம் மூச்சைக் கவனிப்பதில் நான் பயப்பட எதையும் காணவில்லை. 2014-இல் கோயல் குழு 47 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றுக்கும் சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரை பலன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து, மற்ற சிகிச்சைகளைவிட மேலான பலன் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த அளவுக்கு நம்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். நடைப்பயிற்சி பிடிக்கும் என்றால் நடந்துவிட்டுப் போங்கள்.

ஆனால் பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா போன்றவை உங்களுக்கோ ரத்த உறவிலோ இருந்தால், கொடுமையான சம்பவத்திலிருந்து இன்னும் மீளாமல் இருந்தால், இப்போது கடும் மனச்சோர்வில் இருந்தால், மனநல டாக்டரிடம் கேட்காமல் நீண்ட தியானத்தில் இறங்காதீர்கள். பத்து நாள் முகாமைப் பற்றி நினைக்கவே வேண்டாம். யார் வேண்டுமானாலும் ‘லைஃப் கோச்’ என்று போர்டு மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சிகிச்சை தர இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள்.

ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள், தூக்கம் குறைகிறது ஆனால் களைப்பே இல்லை, சுற்றி இருப்பதெல்லாம் சினிமா பார்ப்பது போல் தள்ளித் தெரிகிறது, வீட்டார்மேல் பாசம் வற்றுகிறது, கண்ணை மூடினாலே கிலி வருகிறது என்றால், அன்றைக்கே நிறுத்துங்கள். ஆசிரியரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். தனியாக இருக்காதீர்கள், வயிறாரச் சாப்பிட்டு, வெளியே நடந்து, நாலு பேரோடு பேசுங்கள். இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். தியானம் செய்ததையும் எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லுங்கள், டாக்டர் கேட்கத் தவறினாலும் நீங்கள் சொல்லுங்கள். குரல்கள் கேட்டாலோ, சாகலாம் என்ற நினைப்பு வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐக் கூப்பிடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.